தூண்டில் மட்டும் போதாது

ஹிமாசலப் பிரதேசத்தில் சட்லஜ் நதியின் குறுக்கே அமைந்த பக்ரா அணையின் நீர்த்தேக்கம் கோவிந்த் சாகர். 1971-ஆம் ஆண்டு வெள்ளத்தின்போது மீன் பண்ணை ஒன்றிலிருந்து தப்பிய வெள்ளிக்கெண்டைகள் அதில் நுழைந்தன. காலப்போக்கில் கட்லாவைப் பின்னுக்குத் தள்ளி, வலையில் விழும் மீன்களில் பெரும்பங்கு அவையே ஆயின. காஷ்மீரின் தால் ஏரியில் 1950-களில் விடப்பட்ட சாதாக்கெண்டை, அம்மண்ணுக்கே உரிய குளிர்நீர் மீன்களை ஓரங்கட்டியது. முன்னது விபத்து, பின்னது திட்டமிட்ட செயல். விளைவு மட்டும் ஒன்றே.

சாதாக்கெண்டை 1939-இல் இலங்கையிலிருந்து நீலகிரிக்குக் கொண்டுவரப்பட்டது. வெள்ளிக்கெண்டை 1959-இல் ஜப்பானிலிருந்து வந்தது. விரைவாக வளரும், ஏழைகளுக்கும் எட்டும் விலையில் புரதம் கிடைக்கும் என்பதே நோக்கம். ஆனால், வளர்ப்புக் குளத்தில் நன்மை தருவது ஆற்றில் கேடாகிறது. சாதாக்கெண்டை அடிச்சேற்றைக் கிளறி நீரைக் கலக்குகிறது. கட்லா, ரோகு போன்ற மீன்கள் இனம் பெருக்க ஓடும் வெள்ளம் வேண்டும். இதுவோ தேங்கிய நீரிலேயே செடிகளில் முட்டையிட்டுப் பெருகுகிறது. அணைகளால் ஓட்டம் இழந்த நதிகள் அதற்கு வசதியாகிவிட்டன. கங்கையிலும் யமுனையிலும் அது வேரூன்றிவிட்டது.

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலம், ஆசியக் கெண்டைகளை மக்கள் உண்ண வேண்டும் என்பதற்காக 2022-இல் "கோப்பி" என்று புதுப்பெயர் சூட்டியது. இந்தியாவில் அந்தச் சிரமம் இல்லை, சந்தை காத்திருக்கிறது. மாவுருண்டைக்கும் மண்புழுவுக்கும் சாதாக்கெண்டை எளிதில் சிக்கும். எனவே, தூண்டில் போடுவோருக்கு இந்த மீனுக்கு மட்டும் எண்ணிக்கை வரம்பின்றி உரிமம் வழங்கலாம். உள்நாட்டு மீன் சிக்கினால் உயிருடன் விட வேண்டும், சாதாக்கெண்டையை மீண்டும் நீரில் விடக் கூடாது என்பதை நிபந்தனையாக்கலாம். நுண்ணிய மிதவை உயிரிகளை வடிகட்டி உண்ணும் வெள்ளிக்கெண்டை தூண்டிலுக்கு எளிதில் வராது. அதற்கு வலைதான் வழி. அப்பணி மீனவர் கூட்டுறவுச் சங்கங்களுக்கு உரியது. ஆனால், வலை இனம் பிரித்துப் பார்ப்பதில்லை என்பதால், இனப்பெருக்கக் காலத் தடையைத் தளர்த்தலாகாது.

ஒருபுறம் பிடித்து, மறுபுறம் குஞ்சுகளை விடுவது ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்பும் கதைதான். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022-ஆம் ஆண்டுத் திருத்தம், ஊடுருவும் அயல் இனங்களைக் கட்டுப்படுத்த மத்திய அரசுக்கு அதிகாரம் அளித்துள்ளது. மீன்வளமோ மாநிலப் பட்டியலில் இருக்கிறது. இருதரப்பும் கூடிப் பேசி, ஆறுகளிலும் நீர்த்தேக்கங்களிலும் அயல் கெண்டைகளை விடுவதைத் தடுக்க வேண்டும்; உள்நாட்டு மீன் குஞ்சுகளையே விட வேண்டும். இன்று இம்மீன்களை நம்பிப் பிழைக்கும் மீனவர்களுக்கு, இடைக்காலத்தில் வருவாய் குறையாமல் காப்பதும் அரசுகளின் கடமை. கொண்டுவந்து விட்டவர்கள் அரசுகள். அதன் விலையை மீனவர் மட்டும் செலுத்துவது நியாயமாகாது.