இன்னொரு கேள்வியும் கேளுங்கள்!



ஒரு விஞ்ஞானியின் பெயரைச் சொன்னவுடன், "அவர் என்ன கண்டுபிடித்தார்?" என்றுதான் கேட்கிறீர்கள். நல்ல கேள்விதான். ஆனால், அது மட்டும் போதாது என்பது என் கருத்து.

வானியற்பியல் அறிஞர் வைணு பாப்புவை எடுத்துக்கொள்ளுங்கள். 1927இல் சென்னையில் பிறந்தவர். 1949இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தபோதே, ஒரு புதிய வால்நட்சத்திரத்தைப் புகைப்படத் தகட்டில் கண்டார். அதற்கு வைத்த பெயரில் அவர் பெயரும் சேர்ந்தது. 1957இல் ஓலின் வில்சனுடன் இணைந்து மற்றோர் உண்மையை வெளியிட்டார். சிலவகை விண்மீன்களின் நிறமாலையில், கால்சியத்தின் கருங்கோட்டு நடுவே மெல்லிய ஒளிக்கோடு ஒன்று தெரியும். அதன் அகலத்தை அளந்தால் விண்மீனின் உண்மையான ஒளித்திறன் தெரிந்துவிடும்; அதிலிருந்து அதன் தொலைவையும் கணக்கிடலாம்!

இப்படிப்பட்டவர் மேலும் மேலும் கண்டுபிடித்துக்கொண்டே போயிருக்கலாம் அல்லவா? அவரோ வேறொரு பாரத்தையும் தோளில் ஏற்றிக்கொண்டார். 1960இல் கொடைக்கானல் வான் ஆய்வுக்கூடத்தின் இயக்குநரானார். விண்மீன்களை ஆராய இருண்ட, தெளிந்த வானம் வேண்டுமே! ஜவ்வாது மலையில் காவலூரைத் தேர்ந்தெடுத்தார். 1968இல் அங்கே பணி தொடங்கியபோது இருந்தது, கொடைக்கானலில் செய்த 38 செ.மீ. தொலைநோக்கி ஒன்றுதான். 1972இல் கிழக்கு ஜெர்மனியிலிருந்து 1 மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1977இல் யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்தபோது, காவலூரிலிருந்தும் அதைப் பதிவு செய்தார்கள். யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்பதற்குக் கிடைத்த சான்றுகளுள் அந்தப் பதிவும் ஒன்று.

"நல்ல ஆராய்ச்சியாளர் நிர்வாகத்துக்குப் போனால் நஷ்டம்தானே?" என்று நீங்கள் கேட்கலாம். ஓரளவு உண்மைதான். கோப்புகளைப் பார்க்கும் நேரத்தில் விண்மீன்களைப் பார்க்க முடியாது. ஆனால், வரவையும் கணக்குப் பாருங்கள். 2.34 மீட்டர் தொலைநோக்கி ஒன்றை நம் நாட்டிலேயே செய்ய அவர் முனைந்தார். அதன் பெரிய ஆடியைப் பெங்களூரில் தேய்த்து மெருகேற்றினார்கள். கருவியை விலைக்கு வாங்கினால் கருவி மட்டும்தான் வரும். நாமே செய்தால், செய்யத் தெரிந்த மனிதர்களும் உருவாவார்கள்.

1982 ஆகஸ்டில், 55ஆம் வயதில், பாப்பு காலமானார். தொலைநோக்கி அப்போது முடிந்திருக்கவில்லை. ஆயினும் வேலை நிற்கவில்லை. அவருடன் உழைத்தவர்கள் அதை முடித்தார்கள். 1986 ஜனவரியில் அதற்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. அதன் வழியாக ஒருமுறைகூட வானத்தைப் பார்க்காதவரின் பெயர்!

ஆகவே, இனி "அவர் யாரை உருவாக்கினார்?" என்றும் கேளுங்கள். உங்கள் பள்ளிச் சோதனைக்கூடத்திலும் இதற்கு இடமுண்டு. சோதனையை முதலில் முடித்தவர் கைகட்டி நிற்க வேண்டாம். பக்கத்தில் தடுமாறுபவரிடம் கருவியைக் கொடுத்து, அவரையே செய்யச் சொல்லி, அருகில் நில்லுங்கள். அதுவும் விஞ்ஞானப் பணிதான்.