சம்மதம் எந்த அறை வரைக்கும்?



வந்த விருந்தாளிக்குக் கதவைத் திறந்து "வாங்க, இருங்க" என்கிறோம். அவர் முன்மண்டபத்தில் அமர்கிறார். நாம் அழைத்ததை அலுமாரியைத் திறக்கவும் கொடுத்த அனுமதியென்று அவர் எடுத்துக்கொள்வாரா? வாசலில் ஸலாம் சொல்லி அனுமதி கேட்டே பழகிய நமக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் மின்னஞ்சல் கணக்குத் திறக்கும்போது "சம்மதிக்கிறேன்" என்று ஒரு பொத்தானை அழுத்துகிறோமே, அது எந்த அறை வரைக்கும்?

இந்தக் கேள்வி நீதிமன்றம் ஏறியிருக்கிறது. கூகுள் நிறுவனம் 2004இல் ஜிமெயிலை இலவசமாகத் தந்தது. பதிலுக்குக் கடிதங்களிலுள்ள சொற்களைக் கணினி அலசி, அவற்றுக்கேற்ற விளம்பரத்தைக் காட்டியது. அமெரிக்காவில் சிலர் வழக்குத் தொடுத்தனர். கூகுள் தரப்பு சொன்ன நியாயத்தைக் கேளுங்கள்: அலுவலகத்திலுள்ள ஒருவருக்குக் கடிதம் எழுதினால், அவருடைய உதவியாளர் அதைப் பிரிப்பதில் வியப்படைய என்ன இருக்கிறது?

2013 செப்டெம்பரில் கலிபோர்னியா நீதிபதி லூசி கோ வழக்கைத் தள்ளிவிட மறுத்தார். விளம்பரத்துக்காகக் கடிதம் அலசப்படும் என்பதை விதிகள் தெளிவாகச் சொல்லாதபோது, அவற்றை ஏற்றவர் அதற்கும் சம்மதித்தார் என்று கொள்ள முடியாது என்றார். ஜிமெயில் கணக்கே இல்லாமல், ஜிமெயில் வைத்திருப்பவருக்கு எழுதியவர்களின் சம்மதத்தையும் அவர் ஏற்றுக்கொள்ளவில்லை. அவர்கள்தான் எந்தப் பொத்தானையும் அழுத்தவில்லையே!

எனக்கு இந்த இரண்டாவதுதான் பெரிதாகப் படுகிறது. ஒரு கடிதத்தில் இரண்டு பேர் இருக்கிறார்கள். ராத்தா தன் வைத்திய அறிக்கையை உங்களுக்கு அனுப்பினால், உங்கள் சம்மதம் உங்களுக்கு மட்டுமே. அவருடைய நோயை அடுத்தவருக்குக் காட்ட அது போதாது.

வழக்கு வென்றதா என்று கேட்பீர்கள். 2014இல் எல்லோருக்குமாக ஒரே வழக்காக நடத்த அனுமதி கிடைக்கவில்லை. யார் எதற்குச் சம்மதித்தார் என்பதை ஆளாள் பார்க்க வேண்டுமாம். ஆனாலும் விளம்பரத்துக்காகக் கடிதம் அலசுவதை நிறுத்துவதாக 2017 ஜூனில் கூகுளே அறிவித்தது.

இந்தியாவில் 2023இல் வந்த சட்டத்தினுள்ளேயே ஓர் உதாரணம் எழுதியிருக்கிறார்கள். கைபேசி வழியாக மருத்துவரைக் காட்டும் செயலி, உங்கள் தொலைபேசியிலுள்ள பெயர்ப் பட்டியலையும் கேட்கிறது. நீங்களும் சரி என்றுவிட்டீர்கள். மருத்துவத்துக்கு அந்தப் பட்டியல் தேவையில்லை, ஆகவே அந்தச் "சரி" செல்லாது! நம் நாட்டின் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும், சம்மதம் சுயவிருப்பத்தோடு, விஷயம் தெரிந்து, குறிப்பிட்ட காரியத்துக்காகக் கொடுத்ததாக இருக்க வேண்டும் என்கிறது. கொடுத்ததைத் திரும்பப் பெறவும் உரிமை உண்டு. அதன் முக்கியப் பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவேண்டியவை, தள்ளிப்போட்டுவிட்டார்கள். சட்டம் எழுதுவதில் உள்ள அவசரம் அமுலாக்குவதில் இருப்பதில்லை.

இனி நம் பெரியமடுவுக்கு வருவோம். 1990இல் வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் இருந்த காலத்தில் பிறர் முகவரிக்குக் கடிதம் வந்து, பிரித்த உறையோடு கைக்குக் கிடைத்ததுண்டு. இன்று அந்த இடத்தில் கொமினிகேசன் கடை. வெளிநாட்டு வேலைக்கு, பிள்ளையின் விண்ணப்பத்துக்கு என்று கடைத் தம்பி நமக்கொரு மின்னஞ்சல் திறந்து தருகிறார். "சம்மதிக்கிறேன்" என்று அழுத்தியதும் அவர், கடவுச்சொல் வைத்ததும் அவர். நல்ல பிள்ளைதான், உதவிதான் செய்தார். ஆனால் அதற்குள் உங்கள் அடையாள அட்டைப் பிரதி, கடவுச்சீட்டு, மச்சான் கட்டாரிலிருந்து எழுதியது எல்லாம் கிடக்கிறதே! நீங்கள் அறியாமல் இன்னொருவர் அழுத்தியது உங்கள் சம்மதமாகுமா?

வீட்டில் படித்த மகளிடம் கைபேசியைக் கொடுத்து, கணக்கின் "பாதுகாப்பு" பகுதியைத் திறக்கச் சொல்லுங்கள். கடவுச்சொல்லை நீங்களே மாற்றுங்கள். மீட்பு இலக்கமாகக் கடையின் தொலைபேசி இருந்தால் எடுத்துவிட்டு உங்களுடையதைப் போடுங்கள். அதே பகுதியில் உங்கள் கணக்கைப் பார்க்க அனுமதி பெற்ற செயலிகளின் பட்டியலும் இருக்கும். பெயரே தெரியாத ஒன்று அதில் இருந்தால் உடனே நீக்கிவிடுங்கள்.