இருளில் மறையும் முகங்கள்

புகைப்படத்திற்குத் தமிழில் நிழற்படம் என்றும் ஒரு பெயருண்டு. பொருத்தமான பெயரே. ஆயினும், நிழலில் தெரியவேண்டிய நுட்பங்கள் யாவும் அழிந்து, வெறுங் கருமையே எஞ்சி நிற்கும் நிழற்படங்களை நாம் பல வீடுகளிலும் காண்கிறோம்.

மலையகத் தோட்டங்களில் மூத்தோரின் படம் ஒன்றே ஒன்றாயிருப்பது அரிதன்று. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் கடவுச்சீட்டுக்கென எடுத்ததாகவோ, 1972 முதல் வழங்கப்பெற்ற தேசிய அடையாள அட்டைக்கென எடுத்ததாகவோ அச்சிறு படம் இருக்கும். அதனைப் பெரிதாக்க விரும்பும் பேரப்பிள்ளைகள் ஹட்டனிலோ நுவரெலியாவிலோ உள்ள ஸ்டூடியோவை நாடுவர். கணினித் திரையில் பாட்டியாரின் கண்ணிமையும் கொண்டை மடிப்பும் தெளிவாய்த் தெரியும். தாளில் இறங்கியதும் அவை ஒரே கருந்திட்டாகிவிடும்.

கரிய மேனியை இருளில் ஆழ்த்தும் இக்குறை இன்று தோன்றியதன்று. புகழ்பெற்ற படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கேமரன் 1875இல் இலங்கைக்கு வந்து, இத்தீவின் மக்களைப் படம் பிடித்தார். 1879இல் டிக்கோயாப் பகுதியில் மறைந்த அவர், பொகவந்தலாவைத் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் கையாண்ட கொலோடியன் கண்ணாடித் தகடு நீல ஒளியையே நன்கு உணரும். சிவப்பையும் மஞ்சளையும் பெரிதும் உணராது. எனவே மாநிற மேனி உள்ளதினும் கருமையாகவே பதியும். பின்னர் வர்ணப் படங்கள் வந்த காலத்திலும், கோடாக் நிறுவனம் அச்சுக்கூடங்களுக்கு அனுப்பிய மாதிரி அட்டைகளில் நெடுங்காலம் வெள்ளைக்காரப் பெண்ணின் முகமே இருந்தது. அம்முகம் சரியாய் வந்தால் அச்சு சரி என்பது அன்றைய கணக்கு.

இன்றைய அச்சுப்பொறிக்கு முகபேதம் இல்லை, தாள்பேதம் உண்டு. கணினி 0 என்பதைக் கருமையாகவும் 255 என்பதை வெண்மையாகவும் கொள்ளும். மினுக்கமற்ற தாளின் கருமை, மினுக்கத் தாளின் கருமையைப் போல் ஆழமானதன்று. தாளின் இயல்பை அறியாத பொறி, 20க்குக் கீழுள்ள சாயல்கள் அனைத்தையும் ஒரே மையாய்க் கொட்டிவிடவுங் கூடும். பாட்டியாரின் கொண்டை மடிப்பு இருப்பதோ அந்தச் சாயல்களில்தான்!

இதற்குப் பரிகாரம் ‘புரொபைல்’ எனப்படும் வர்ணக் கோப்பு. 1993இல் அமைந்த சர்வதேச வர்ணக் கூட்டமைப்பு இதற்குப் பொது விதி வகுத்தது. பொறியின் வர்ணத் திருத்தத்தை நிறுத்திவிட்டு, பல நூறு வர்ணக் கட்டங்கள் கொண்ட அட்டவணையை அச்சிடுவர். மை நன்கு உலர ஒருநாள் விட்டு, ஒளிமானியால் ஒவ்வொரு கட்டத்தையும் அளப்பர். எண்ணுக்கும் தாளில் விழுந்த வர்ணத்திற்கும் உள்ள வேற்றுமையைக் கணினி கணித்துக் கோப்பாக்கும். தாள் தயாரிப்பாளர் தரும் பொதுக்கோப்பு ஊர்ச் சந்தையில் வாங்கிய சட்டை எனில், இது அளவெடுத்துத் தைத்த சட்டை. தாளோ மையோ பொறியோ மாறினால் மீண்டும் அளவெடுத்தல் வேண்டும். அச்சிடுகையில் கருமைப்புள்ளி ஈடுசெய்யும் வசதியையும் இயக்கினால், படத்தின் கடைக் கருமை தாளின் கடைக் கருமையோடு பொருந்தி, இடைப்பட்ட சாயல்கள் பிழைக்கும்.

ஆனால், சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? மூலப் படத்திலேயே இல்லாத நுட்பத்தை எந்தக் கோப்பும் படைத்துத் தராது. ஆகவே பழைய படத்தை ஸ்கேன் செய்யும்போதே நிழற்பகுதி கெடாது காத்தல் முதற் கடமை.

படத்தைக் கொடுக்குமுன் நேயர்கள் இரண்டு கேள்விகள் கேட்பது நலம்: “இந்தத் தாளுக்கென அளந்த புரொபைல் உண்டா? முதலில் சிறு மாதிரி ஒன்று தருவீர்களா?” அம்மாதிரியைக் கடை விளக்கின் கீழ் மட்டும் பார்த்து முடிவு செய்யலாகாது. லயத்து அறையில், படம் மாட்டப்போகும் சுவரருகே வைத்துப் பாருங்கள். மங்கிய வெளிச்சத்தில் படம் மேலும் கறுத்தே தோன்றும். அங்கு முகம் தெளியவில்லையெனில் நிழற்பகுதியை மட்டும் சற்றே உயர்த்தி மறுபடி அச்சிடச் சொல்லலாம். செலவு சிறிது கூடும். எனினும், கொழுந்து பறித்து வாழ்நாளைக் கழித்தவரின் ஒரே படத்தில் அவர் கண்களாவது தெரியவேண்டாமா?