கிடார் கற்க ஆப் மட்டும் போதுமா?

கம்ப்யூட்டரும் இன்டர்நெட்டும் இருந்தால் எதையும் வீட்டிலிருந்தே கற்றுக் கொள்ளலாம் என்கிறோம். சாப்ட்வேர் இன்ஜினியரான நானும் அப்படித்தான் நம்பினேன். புதுக்கோட்டையில் வீட்டில் இருந்தபடியே சென்னை நிறுவனம் ஒன்றுக்கு வேலை பார்க்கிறேன். 28 வயதில் ஒரு கிடார் வாங்கினேன். போனில் ஒரு ஆப் போட்டு, ஆறு மாதம் தினமும் இரவில் பழகினேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: ஆப் விரல்களைப் பழக்கும். காதை நாம் பழக்காவிட்டால், கற்றது கை கொடுக்காது.

இந்த ஆப்கள் எப்படி இயங்குகின்றன? திரையில் ஆறு கோடுகள் ஓடும். அவை கிடாரின் ஆறு கம்பிகள். ஒரு கோட்டின் மேல் 3 என்று வந்தால், அந்தக் கம்பியை மூன்றாவது ப்ரெட்டில் அழுத்த வேண்டும். இப்படி எழுதும் முறைக்கு டேப் என்று பெயர். சரியாக வாசித்தால் பச்சை, தவறினால் சிவப்பு. எனக்குப் பெரும்பாலும் பச்சைதான். மதிப்பெண்ணும் 90க்குக் குறைந்ததில்லை.

கடந்த டிசம்பரில் எங்கள் தெருவில் கிறிஸ்துமஸ் கேரல் பாடும் குழுவினர் என்னைக் கிடார் வாசிக்க அழைத்தார்கள். டி, ஜி, ஏ என்ற மூன்று கார்டுகளில் பாட்டை மனப்பாடம் செய்து கொண்டு போனேன். முதல் வீட்டு வாசலில், முன்னால் நின்று பாடும் அக்கா, “தம்பி, தொண்டை கட்டியிருக்கு. ஒரு கட்டை இறக்கிக்குங்க” என்றார்.

ஆர்மோனியத்தில் ஒரு கட்டை என்பது சி, இரண்டு கட்டை என்பது டி. ஆகவே டி, ஜி, ஏ என்பவை சி, எஃப், ஜி ஆக வேண்டும். இதில் எஃப் கார்டுக்கு ஒரே விரலால் பல கம்பிகளைச் சேர்த்து அழுத்த வேண்டும். புதிதாகக் கற்பவர்களைப் பயமுறுத்தும் கார்டு இது. ஆனால் என் பிரச்னை அதுவல்ல. அக்கா எந்தச் சுருதியில் பாடுகிறார் என்பதே எனக்குப் பிடிபடவில்லை. போனைப் பார்த்தேன். அதில் பச்சையும் வரவில்லை, சிவப்பும் வரவில்லை. அன்று இரவு முழுவதும் கிடாரைத் தோளில் மாட்டிக் கொண்டு கைதான் தட்டினேன்.

காது இல்லாமல் எழுத்து மட்டும் மிஞ்சினால் என்னாகும் என்பதற்கு எங்கள் மாவட்டத்திலேயே ஒரு சாட்சி இருக்கிறது. புதுக்கோட்டையிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில் உள்ள குடுமியான்மலையில், குடைவரைக் கோயிலை ஒட்டிய பாறையில் 7ஆம் நூற்றாண்டு இசைக் கல்வெட்டு உள்ளது. எழுத்து பல்லவ கிரந்தம். ருத்ராச்சாரியாரின் சீடரான ஓர் அரசர், மாணவர்களின் நலனுக்காக இதை அமைத்ததாகக் கல்வெட்டே கூறுகிறது. அவர் மகேந்திரவர்ம பல்லவர் என்பார் பலர், மறுப்பவர்களும் உண்டு. ஏழு பகுதிகளாக, ஸ்வரங்கள் நான்கு நான்காகச் செதுக்கப்பட்டுள்ளன. ஒரே ஸ்வரம் ர, ரி, ரு, ரெ என்று உயிர் மாறி வருகிறது. சில எழுத்துகளின் மேல் புள்ளியும் உண்டு.

அந்தக் காலத்து டேப் என்றே இதைச் சொல்லலாம். ஆனால் அந்த உயிர் மாற்றமும் புள்ளியும் எதைக் குறிக்கின்றன என்பதில் ஆய்வாளர்களிடையே இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. கேட்டுக் கேட்டுக் கற்ற தொடர்ச்சி அறுந்துவிட்டது. நம் பாஷையில் சொன்னால், பைல் பத்திரமாக இருக்கிறது. அதைத் திறக்கும் சாப்ட்வேர் தொலைந்துவிட்டது.

அதற்காக ஆப்பைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. எங்களைப் போன்ற ஊர்களில் நினைத்தவுடன் கிடார் ஆசிரியர் கிடைப்பதில்லை. கிடைத்தாலும், இரவு ஒன்பது மணிக்கு வேலை முடிப்பவருக்கு வகுப்பு நேரம் ஒத்து வராது. எனவே கம்ப்யூட்டருக்கும் போனுக்கும் கொடுக்கும் வேலையை மாற்றுங்கள் என்கிறேன்.

முதலில் ட்யூனிங். ட்யூனர் ஆப்பை வைத்து ஐந்தாவது கம்பியை மட்டும் 110 ஹெர்ட்ஸுக்குச் சரி செய்திடுங்கள். அதை ஐந்தாவது ப்ரெட்டில் அழுத்தினால் வரும் ஒலியும், நான்காவது கம்பியைத் திறந்து மீட்டும் ஒலியும் ஒன்றாக இருக்க வேண்டும். மற்ற கம்பிகளையும் இப்படியே காதால் சேருங்கள். மூன்றாவது கம்பியிலிருந்து இரண்டாவதைச் சேர்க்கும்போது மட்டும் நான்காவது ப்ரெட். எல்லாம் முடிந்த பிறகு ட்யூனரில் சரி பாருங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டுச் செய்தால் மைக் குழம்பாது.

அடுத்து, ஆடாசிட்டி என்ற இலவச சாப்ட்வேரை கம்ப்யூட்டரில் நிறுவிக் கொள்ளுங்கள். வாரம் ஒரு முறை நீங்கள் வாசிப்பதை ரெக்கார்ட் செய்து, திரையைப் பார்க்காமல் கேளுங்கள். ஆப் பச்சை காட்டிய இடங்களில்கூடத் தாளம் தடுமாறுவது தெரியும். பிடித்த பாட்டு வேகமாக இருந்தால், எபெக்ட் மெனுவில் உள்ள சேஞ்ச் டெம்போ மூலம் சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் குறைக்கலாம். பாட்டுடன் சேர்ந்து வாசிக்க ப்ளூடூத் ஹெட்போன் வேண்டாம். ஒலி சற்றுத் தாமதமாக வருவதால் தாளம் பிசகும். ஒயர் உள்ளதே நல்லது.

கடைசியாக, மாதம் ஒரு முறையாவது பாடத் தெரிந்த ஒருவருடன் உட்கார்ந்து வாசியுங்கள். மனிதர்களுக்குத் தொண்டை கட்டும். பாட்டின் நடுவில் வேகம் கூடும். எந்த ஆப்பும் தராத பாடம் இது.

நானும் இப்போது இப்படித்தான் பழகுகிறேன். அக்கா பாட ஆரம்பித்தால் நான்கைந்து முறை கம்பியைத் தட்டிப் பார்த்து, அவருடைய சுருதியைப் பிடித்து விடுகிறேன். எஃப் கார்டு இன்னும் கரகரக்கிறது. அடுத்த டிசம்பருக்குள் அதுவும் சரியாகிவிடும்.