குட்டி ஜப்பானின் சனிக்கிழமைகள்

ஜூன் மாதத்தில் குழந்தைகளுக்கென இரண்டு நாள்கள் அடுத்தடுத்து வருகின்றன. ஜூன் 12, குழந்தைத் தொழிலாளர் முறைக்கு எதிரான உலக நாள். 2002 முதல் கடைப்பிடிக்கப்பட்டுவருகிறது. அதற்கு முந்தைய நாளான ஜூன் 11, பன்னாட்டு விளையாட்டு நாள். குழந்தைகள் விளையாடுவதற்கான இந்நாளை ஐ.நா. பொது அவை 2024 மார்ச்சில்தான் அறிவித்தது. முதலாவது நாள் விருதுநகர் மாவட்டத்துக்குப் புதியதல்ல. இரண்டாவது நாளைப் பற்றி இங்கே பேச்சு அதிகம் இல்லை. குழந்தையை வேலையிலிருந்து மீட்பது குறித்துப் பல ஆண்டுகளாகச் சிந்தித்த ஒரு பகுதி, மீட்கப்பட்ட குழந்தை பள்ளி இல்லாத நாளில் எங்கே, யாருடன் விளையாடும் என்கிற கேள்வியை இன்னும் உரக்கக் கேட்கவில்லை.

பாதி வழி வந்த வெற்றி

1920களின் தொடக்கத்தில் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்த அய்ய நாடார், சண்முக நாடார் ஆகியோரின் முயற்சியிலிருந்து சிவகாசியின் தொழில் வரலாறு தொடங்குகிறது. தீப்பெட்டி, பட்டாசு, அச்சு என மூன்று தொழில்கள் வறண்ட கரிசல் நிலத்துக்குச் சோறு போட்டன. ‘குட்டி ஜப்பான்’ என்கிற பெயரையும் பெற்றுத்தந்தன. அந்தப் பெருமையின் மறுபக்கத்தை 1990இல் வெளிவந்த ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ என்னும் ஆவணப்படம் உலகுக்குக் காட்டியது. எம்.சி.மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, வேலைக்கு வைக்கப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் இழப்பீடு செலுத்த வேண்டும் என்றது. ‘தீப்பெட்டி ஆபீஸ்’, ‘பயர் ஆபீஸ்’ வேன்களில் விடியற்காலையில் ஏறிய தலைமுறை ஒன்று, அதன்பின் மெல்ல மெல்லப் பள்ளிப் பேருந்துகளில் ஏறியது. பிளஸ் 2 தேர்ச்சி விகிதத்தில் 2018 உட்படப் பலமுறை மாநிலத்தின் முதலிடத்தை விருதுநகர் பிடித்தது. இது சிறிய வெற்றியல்ல.

ஆனால், தொழிற்கூடத்திலிருந்து வகுப்பறைக்கு வந்த பயணம் அங்கேயே நின்றுவிட்டது. 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம், 14 வயதுக்குட்பட்டோர் எந்தப் பணியிலும் ஈடுபடக் கூடாது என்கிறது. கூடவே, ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் பள்ளி நேரத்துக்குப் பிறகும் விடுமுறையிலும் உதவலாம் என்று விலக்கும் அளிக்கிறது. விடுமுறை என்பது சட்டத்தின் பார்வையில்கூட விளையாட்டுக்கான நேரமல்ல. வேலைக்கான உபரி நேரம். ஓய்வும் விளையாட்டும் குழந்தையின் உரிமை என்று கூறும் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 31ஆவது பிரிவை, இந்தியா 1992இல் அந்த உடன்படிக்கையில் இணைந்தபோதே ஏற்றுக்கொண்டது. ஏற்றுக்கொண்ட பிரிவுகளுள் குறைவாக நினைவுகூரப்படுவதும் அதுவே.

சனிக்கிழமை என்னும் இடைவெளி

பட்டாசுத் தொழிலாளர் குடும்பத்தின் வாரத்தை எண்ணிப் பார்த்தால் சிக்கல் விளங்கும். ஆலைகளுக்கு ஞாயிறு விடுமுறை. பள்ளிகளுக்குப் பெரும்பாலான சனிக்கிழமைகளும் விடுமுறை. தாயும் தந்தையும் வேலையில் இருக்கும் நாளில் குழந்தை வீட்டில் இருக்கிறது. பெண்கள் பெருமளவில் வேலைக்குச் செல்லும் பகுதி இது. ஆலையில் குழந்தைகள் காப்பகம் அமைக்க வேண்டும் என்கிற விதி 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே வந்துவிட்டது. இன்றைய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் அது தொடர்கிறது. ஆனால், இரண்டிலும் வயது வரம்பு ஆறுதான். ஆறு வயது வரை காப்பகம். அதன்பின் வாரத்தில் ஐந்து நாள்கள் பள்ளி. ஆறாவது நாளுக்குப் பொறுப்பேற்பவர் எவருமில்லை. பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் சொல்லிவிட்டுச் செல்வதும், பத்து வயது அக்காளிடம் தம்பியை ஒப்படைத்துச் செல்வதும்தான் நடைமுறையில் உள்ள ஏற்பாடு. தம்பியைப் பார்த்துக்கொள்ளும் அந்த அக்காளும் ஒரு குழந்தை என்பதை அந்த ஏற்பாடு கணக்கில் கொள்வதில்லை.

பக்கத்து வீட்டுப் பாட்டியும் பழகிய தெருவும் இருக்கும்வரை இந்த ஏற்பாடு ஒருவாறு தாக்குப்பிடிக்கும். குடும்பம் ஊர் மாறும்போது அதுவும் அறுந்துபோகிறது. கிராமத்திலிருந்து வேலைக்கு வசதியாகச் சிவகாசிக்கோ திருத்தங்கலுக்கோ வாடகைக்குக் குடிவரும் குடும்பங்கள் உண்டு. வேறு மாநிலங்களிலிருந்து வேலை தேடி வருவோர் உண்டு. 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரியும் மாவட்டத் தலைநகரின் அலுவலகங்களும் வங்கிகளும் இடமாறுதலில் வருவோரை ஆண்டுதோறும் அழைத்துவருகின்றன. குமாரலிங்கபுரத்தில் அமையவிருக்கும் பிரதமர் மித்ரா ஜவுளிப் பூங்கா இன்னும் பல குடும்பங்களைக் கொண்டுவரும். இவர்களின் வருவாயும் வாழ்நிலையும் வெவ்வேறு. ஆனால், வந்த முதல் மாதத்தில் இவர்களின் குழந்தைகள் கேட்கும் கேள்வி ஒன்றே: “இன்றைக்கு யாரோடு விளையாடுவது?”

விடையற்ற அந்தக் கேள்விக்குத் திறன்பேசி எளிதாக விடையளித்துவிடுகிறது. வசதியுள்ள வீடுகளில் கட்டண வகுப்புகள் விடையாகின்றன. அபாகஸ், சிலம்பம், ஓவியம், இந்தி என்று சனியும் ஞாயிறும் நிரம்புகின்றன. அவை பயனற்றவை அல்ல. ஆனால், கட்டணம் செலுத்தும் வகுப்பில் கட்டணம் செலுத்தக்கூடிய வீட்டுப் பிள்ளைகளே கூடுகிறார்கள். வகுப்பு முடிந்ததும் ஆளுக்கொரு வாகனத்தில் ஆளுக்கொரு திசையில் பிரிகிறார்கள். அண்டை வீட்டுக் குழந்தையின் பெயர் தெரியாமலேயே ஓர் ஆண்டு கழிந்துவிடுகிறது.

விளையாடப் போகும் வீடு எது?

வேறு ஊர்களில் இது தனிமை பற்றிய கவலை. பட்டாசுப் பகுதியில் உயிர் பற்றிய கவலையும்கூட. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியிலும், 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்திலும் நேர்ந்த ஆலை விபத்துகளை நாடு அறியும். ஆலைக்கு உரிமமும் ஆய்வும் உண்டு. அவை மீறப்பட்டால் கேட்பதற்கு ஓர் அலுவலகமாவது இருக்கிறது. வீடுகளிலும் தகரக் கொட்டகைகளிலும் அனுமதியின்றிப் பட்டாசு தயாரிப்பது அப்படியல்ல. வெம்பக்கோட்டை, தாயில்பட்டி சுற்றுவட்டாரத்திலிருந்து இத்தகைய கைதுகளும் விபத்துகளும் அடிக்கடி செய்தியாகின்றன. எந்த வீட்டில் மருந்து இருக்கிறது என்பது அந்தத் தெருவில் நெடுங்காலம் வாழ்ந்தவர்களுக்குத் தெரியும். புதிதாகக் குடிவந்த தாய்க்குத் தெரியாது. கழிவு வெடிகள் கொட்டப்பட்ட இடம் எது, மூடப்படாத கிணறு எது, எந்தக் கண்மாயின் எந்தக் கரை வழுக்கும் என்பனவும் அப்படியே. குழந்தைகள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்கும் இந்த அறிவு, தோழர்கள் இல்லாத குழந்தைக்குக் கிடைப்பதில்லை. ஆகவே, “வெளியே போகாதே” என்று கதவைச் சாத்திவிட்டுச் செல்லும் பெற்றோரைக் குறை சொல்வதற்கில்லை. அவர்களுக்கு மாற்று ஒன்றை நாம் காட்டவில்லை.

இன்னொரு வேலியும் உண்டு. 2023 ஆகஸ்ட்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவரும் அவருடைய தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்ட கொடுமைக்குப் பிறகு, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் அரசு அமைத்த ஒருநபர்க் குழு, 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. கைகளில் வண்ணக் கயிறு கட்டுவதைத் தடுப்பது உள்ளிட்ட பரிந்துரைகள் அதில் இருந்தன. அவை பள்ளி வளாகத்துக்குள் செயல்படக்கூடியவை. தென்மாவட்டங்களில் தெரு என்பது பெரும்பாலும் சாதியின் எல்லையாகவே இருக்கையில், சனி, ஞாயிறுகளில் குழந்தைகள் தத்தம் தெருவுக்குள் திரும்பிவிடுகிறார்கள். ஐந்து நாள்கள் ஒரே பெஞ்சில் அமர்ந்தவர்கள் இரண்டு நாள்கள் ஒருவரையொருவர் பார்ப்பதில்லை. சேர்ந்து விளையாடாத குழந்தைகளிடம் சமத்துவத்தைப் பாடமாக மட்டும் நடத்திவிட முடியாது.

பூட்டிய மைதானங்கள்

புதிதாக வந்த குழந்தைக்குத் தோழர்களைத் தேடித்தரும் பொறுப்பைப் பெற்றோரிடம் மட்டும் விடும்போது, அவர்கள் சுற்றுலாக்களை நாடுகிறார்கள். அய்யனார் கோயில் அருவி, திருவில்லிபுத்தூர்த் தேர், மதுரையில் 2023இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்தின் குழந்தைகள் பிரிவு என்று போய்வரத் தகுந்த இடங்கள் இப்பகுதிக்குக் குறைவில்லை. ஆனால், அவை ஒரு நாளை நிறைவாக்குமே தவிர, ஒரு நண்பனைத் தருவதில்லை. குழந்தைகளின் நட்பு, அதே இடத்தில், அதே நேரத்தில், அதே முகங்களை மீண்டும் மீண்டும் பார்ப்பதில் விளைவது. அதற்குத் தேவையானவை மூன்று: நடந்துபோகும் தொலைவில் ஓர் இடம், மாறாத ஒரு நேரம், நம்பத்தக்க ஒரு பெரியவர்.

இடம் இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டம் 2009, ஒவ்வொரு பள்ளிக்கும் விளையாட்டுத் திடலையும் நூலகத்தையும் கட்டாயமாக்குகிறது. வாரத்தில் இரண்டு நாள்கள் அந்தத் திடல்கள் பூட்டிக்கிடக்கின்றன. தமிழ்நாட்டின் கட்டிட விதிகள் 2019இன்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகளில் சாலைகள் நீங்கலான பரப்பில் 10 விழுக்காட்டைத் திறந்தவெளியாக ஒதுக்கி, உள்ளாட்சி அமைப்பிடம் ஒப்படைக்க வேண்டும். அந்த நிலம் எங்கே, அதில் இப்போது என்ன இருக்கிறது என்பதைச் சிவகாசி மாநகராட்சியும் விருதுநகர் நகராட்சியும் வார்டுவாரியாகப் பட்டியலிட்டு வெளியிட்டால், முள்வேலிக்குப் பின்னாலும் குப்பை மேட்டுக்கு அடியிலும் மறைந்திருக்கும் திடல்கள் வெளிப்படும். பொது நூலகத் துறையின் கிளை நூலகங்கள் பொதுவாக ஞாயிற்றுக்கிழமைகளில் திறந்திருப்பவை. அங்கு இரண்டு மணி நேரக் கதைசொல்லல் அமர்வுக்குப் புதிய கட்டிடம் தேவையில்லை.

ஆளும் கிடைக்கக்கூடும். 2021 அக்டோபரில் தொடங்கப்பட்ட ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டம், அந்தந்தத் தெருவிலிருந்தே தன்னார்வலர்களைத் திரட்ட முடியும் என்று காட்டியது. அவர்களைப் போன்றோருக்கு மதிப்பூதியம் அளித்து, சனிக்கிழமை காலை முதல் மாலை வரை பள்ளித் திடலைத் திறந்துவைக்கும் பொறுப்பைப் பள்ளி மேலாண்மைக் குழுவிடம் ஒப்படைக்கலாம். பாதுகாப்புக்கு யார் பொறுப்பு, கண்ணாடி உடைந்தால் யார் கணக்கு என்கிற தலைமை ஆசிரியர்களின் தயக்கம் நியாயமானது. பொறுப்பை எழுத்தில் வரையறுத்து உள்ளாட்சி அமைப்பு ஏற்றுக்கொண்டால் அந்தத் தயக்கம் நீங்கும். பூட்டிய திடலால் விபத்து தவிர்க்கப்படுவதில்லை. கண்மாய்க்கும் கொட்டகைக்கும் இடம் மாற்றப்படுகிறது, அவ்வளவே.

ஜப்பானிடம் கற்காத பாடம்

‘குட்டி ஜப்பான்’ என்கிற பட்டத்தில் நாம் உழைப்பை மட்டுமே எடுத்துக்கொண்டோம். போரில் சிதைந்து எழுந்துகொண்டிருந்த ஜப்பான், 1947இல் இயற்றிய குழந்தைகள் நலச் சட்டத்தில் ‘ஜிதோகன்’ எனப்படும் சிறுவர் மன்றங்களுக்கு இடமளித்தது. பள்ளி முடிந்த பின்னும் விடுமுறை நாள்களிலும் அக்கம்பக்கத்துக் குழந்தைகள் வந்து விளையாடும் பொது இடம் அது. பயிற்சி பெற்ற பணியாளர்கள் உடனிருப்பார்கள். இன்று அந்நாட்டில் இத்தகைய மன்றங்கள் 4,000க்கும் மேல் உள்ளன. கொலம்பியாவின் பொகோடா நகரமோ 1974 முதலே ஞாயிற்றுக்கிழமைகளில் முதன்மைச் சாலைகளில் மோட்டார் வாகனங்களை நிறுத்திவிட்டு மக்களுக்குத் திறந்துவிடுகிறது. ஒரு தெருவை ஞாயிறு காலை மூன்று மணி நேரம் அடைப்பதற்கு நிதி ஒதுக்கீடுகூடத் தேவைப்படாது. வார்டு உறுப்பினரின் விருப்பமும் காவல் துறையின் ஒத்துழைப்பும் போதும்.

நிதிக்கும் வெளியே தேட வேண்டியதில்லை. காமராசர் பயின்ற விருதுநகர் சத்திரிய வித்தியாசாலை 1885இல் தொடங்கியது. வீட்டுக்கு வீடு ஒதுக்கிய பிடியரிசியும் வணிகர்களின் மகமையும் கல்வியை வளர்த்த ஊர் இது. வியாபாரத்தில் ஒரு சிறு பங்கு பொதுக் காரியத்துக்கு என்பது இங்கே இறக்குமதிச் சிந்தனையல்ல. அந்த மகமை ஒரு சமூகம் தன்னைத் தானே உயர்த்திக்கொள்ளப் பயன்பட்டது. இன்றைய மகமை, பட்டாசு, அச்சு, தீப்பெட்டி உற்பத்தியாளர்கள் தங்கள் தொழிலாளர்களின் குழந்தைகள் அனைவருக்கும் சேர்த்து அளிப்பதாக அமையலாம். ஆலைக் காப்பகத்தின் வயது வரம்பைச் சனிக்கிழமை மட்டுமேனும் பன்னிரண்டாக உயர்த்தி, ஆலைக்கு வெளியே, பாதுகாப்பான தொலைவில் பொது மையங்களாக நடத்துவது அதன் முதல் செலவாகட்டும்.

வைப்பாற்றங்கரையில் வெம்பக்கோட்டையில் 2022 முதல் நடந்த அகழாய்வுகளில் சுடுமண் பொம்மைகளும் ஆட்டக்காய்களும் வட்டச் சில்லுகளும் கிடைத்தன. சிவகாசிக்கு அருகில் பல நூற்றாண்டுகளுக்கு முன்பு குழந்தைகளுக்கு விளையாட இடமும் இருந்தது, உடன் விளையாட ஆளும் இருந்தார்கள். அவர்களின் சில்லுகளைக் காட்சிப்படுத்திப் பெருமை கொள்ளும் நாம், இன்றைய குழந்தைக்குச் சில்லு கோடு வரைய ஒரு பிடி மண்ணை விட்டுவைக்கக் கடமைப்பட்டிருக்கிறோம். வரும் சனிக்கிழமை ஏதேனும் ஒரு பள்ளியின் வாயிற்கதவு திறக்கப்பட்டால், அதிலிருந்து தொடங்கலாம்.