தன் தட்டைத் தானே எடுப்பது

பெங்களூரு ஜெயநகரில் 1983இல் ‘கஃபே தர்ஷினி’ தொடங்கப்பட்டது. அதைப் பின்பற்றி நகரெங்கும் பரவிய சுயசேவை உணவகங்களுக்குத் தர்ஷினி என்பதே பொதுப்பெயராகிவிட்டது. பணம் செலுத்திச் சீட்டு வாங்கி, தட்டைத் தானே ஏந்திவந்து, உயர்ந்த மேசையருகே நின்றபடி உண்ண வேண்டும். ஆய்வுக்காகத் தமிழகத்திலிருந்து அங்குச் சென்று தங்கும் மாணவர் பலருக்கு இட்லி வடையும் ‘பை டூ’ காப்பியும் அங்கேதான்.

சிறிய இடத்தில் பலருக்குக் குறைந்த விலையில் உணவளிக்கும் வணிக உத்தி இது. எனினும் அதன் விளைவு வணிகத்தோடு நிற்கவில்லை. உணவகத்தில் யார் எங்கே அமர்வது என்பது தமிழகத்தில் நெடுங்காலம் அரசியல் கேள்வியாக இருந்தது. இரயில் நிலைய உணவகங்களில் பிராமணருக்கெனத் தனியிடம் ஒதுக்கும் வழக்கம், பெரியார் உள்ளிட்டோரின் எதிர்ப்புக்குப் பின் 1941இல் ஒழிந்தது. திருவல்லிக்கேணி முரளி கஃபேயின் பெயர்ப்பலகையிலிருந்து ‘பிராமணாள்’ என்ற சொல்லை நீக்கக் கோரி 1957இல் திராவிடர் கழகம் மாதக்கணக்கில் மறியல் செய்தது. தர்ஷினியிலோ இருக்கையே இல்லை. ஆகவே தனி இருக்கையும் இல்லை. மென்பொருள் பொறியாளரும் ஆட்டோ ஓட்டுநரும் ஒரே மேசையில் தட்டை வைக்கின்றனர். இதைச் சமத்துவம் என்று பாராட்டுவதில் பாதி உண்மை உண்டு.

மறுபாதி, உண்டு முடித்த பிறகு தொடங்குகிறது. தட்டுகளைப் போடத் தொட்டி வைத்திருந்தாலும், பலர் தட்டை மேசையிலேயே விட்டுச் செல்கின்றனர். அதை எடுத்து மேசையைத் துடைப்பவரை எவரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. உணவை ஏந்திவரும்போது மட்டும் சுயசேவை. எச்சிலுக்கு வேறொருவர் கை.

“அது அவர் வேலை, அதற்குத்தானே சம்பளம்” என்பது வழக்கமான பதில். தோசை வார்ப்பவருக்கும் கல்லாவில் இருப்பவருக்கும் கூடச் சம்பளம்தான். அவர்களிடம் காட்டும் மரியாதை, துடைப்பவரிடம் வரும்போது ஏன் மறைகிறது? சம்பளம் உழைப்புக்கு விடையாகலாம். இந்த அலட்சியத்துக்கு ஆகாது. எச்சிலைத் தொடுவது இழிவு என்னும் பழைய எண்ணமே அதன் வேர்.

அந்த எண்ணத்தின் கொடிய வடிவத்தைத் தமிழகத் தேநீர்க் கடைகள் கண்டிருக்கின்றன. இரட்டைக் குவளை முறையில் தலித்துகள் தமக்கென ஒதுக்கப்பட்ட குவளையில் குடித்து, அதைத் தாமே கழுவி வைக்க வேண்டியிருந்தது. ஒரு சாராரிடம் மட்டும் கட்டாயமாகச் சுமத்தப்பட்டதால், தன் பாத்திரத்தைத் தானே கழுவுவது அவமானமாயிற்று. அதே செயலை எல்லோரும் செய்தால் அதில் அவமானத்துக்கு இடமேது?

வெளிநாட்டுப் பல்கலைக்கழக உணவகங்களில் உண்டு முடித்தவர் தம் தட்டைக் கொண்டுபோய் அடுக்கில் வைப்பது பொது வழக்கம். அங்குச் செல்லும் நம் மாணவர்களும் யாரும் சொல்லாமலே அதைச் செய்கின்றனர். ஊர் திரும்பியதும் அது மறந்துபோகிறது என்றால், அவர்கள் அங்குக் கற்றது ஒழுங்கு மட்டுமே.

சாதியையும் உழைப்பையும் பற்றி ஆய்வேடு எழுதுவோர், விடுதி உணவுக்கூடத்தில் தம் தட்டு யார் கையால் அகற்றப்படுகிறது என்பதையும் ஆராய வேண்டும். அதைத் தாமே தொட்டிவரை கொண்டுசெல்வதற்கு எந்தக் குழுவின் ஒப்புதலும் தேவையில்லை.