கிராண்ட் அம்மையாரின் உத்தியோகம்

அமெரிக்க சர்வகலாசாலைகளில் விளையாட்டு இலாகாத் தலைவர் என்று ஒரு பெரிய உத்தியோகஸ்தர் உண்டு. பயிற்சியாளர்களை நியமிப்பதும், பணத்தைப் பங்கிடுவதும், எந்தக் கோஷ்டி ஆகாய விமானத்தில் போகலாம், எது மோட்டாரில் நெருக்கியடித்துக்கொண்டு போகலாம் என்று தீர்மானிப்பதும் அவருடைய அதிகாரம். பந்தயத்தில் ஜயித்தவர்களின் படத்தைப் பத்திரிகைகளில் பார்த்து மகிழும் நாம், இந்த உத்தியோகஸ்தரை நினைப்பதில்லை. ஆகையால் இந்த வாரம் அத்தகைய ஒருவரைப் பற்றி எழுத விரும்புகிறோம்.

கிறிஸ்டின் கிராண்ட் அம்மையார் 1936-ம் வருஷம் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். தேகப் பயிற்சி ஆசிரியையாக இருந்து, கனடாவில் ஹாக்கி கற்றுக்கொடுத்து, பிறகு மேற்படிப்புக்காக அயோவா சர்வகலாசாலைக்கு வந்தார். 1972-ல் அமெரிக்காவில் ஒரு சட்டம் பிறந்தது. சர்க்கார் பணம் பெறும் கல்வி ஸ்தாபனம் எதுவும் ஆண் பெண் என்று பேதம் பாராட்டலாகாது என்பதே அதன் ஸாரம். விளையாட்டு என்ற வார்த்தையே அந்த வாக்கியத்தில் இல்லை. ஆனாலும் அதனால் மிகுந்த கலக்கம் அடைந்தவர்கள் விளையாட்டு இலாகாக்காரர்கள்தாம்! மறு வருஷம், 1973-ல், அயோவாவில் பெண்கள் விளையாட்டுக்கென்று தனி இலாகா ஏற்பட்டு, கிராண்ட் அம்மையார் அதன் தலைவரானார்.

பெண்களுக்குச் சமபங்கு கொடுத்தால் கால்பந்து அழிந்துவிடும் என்று பெரிய மனிதர்கள் முறையிட்டார்கள். பெண்ணுக்குப் பங்கு என்ற பேச்சு எழுந்தவுடன் குடும்பத்தில் திடீரென்று பணமுடை உண்டாகிவிடுவதை நம் நேயர்கள் அறியாதவர்களா? அம்மையார் கோபிக்கவில்லை. கணக்குப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு காங்கிரஸ் சபையின் விசாரணைகளுக்குச் சென்று சாட்சி சொன்னார். பல கலாசாலைகளில் கால்பந்து லாபம் தருவதே இல்லை என்று எடுத்துக் காட்டினார்.

1983-ல் விவியன் ஸ்ட்ரிங்கர் என்ற நீக்ரோ வகுப்புப் பெண்மணியைக் கூடைப்பந்துப் பயிற்சியாளராக அழைத்து வந்தார். பெண்கள் ஆடுவதைப் பார்க்க யார் வருவார்கள் என்று கேட்டவர்களுக்கு 1985 பிப்ரவரியில் பதில் கிடைத்தது. சுமார் 15,500 பேர் உட்காரக்கூடிய மண்டபத்தில் அன்று 22,157 பேர் திரண்டுவிட்டார்கள். படிகளிலும் நடைபாதைகளிலும் ஜனங்கள்! இத்தனை பேரை உள்ளே விட்டதற்காகத் தீயணைப்பு அதிகாரி கண்டித்தார். இப்படிப்பட்ட கண்டனம் வாங்குவதற்கு எந்த உத்தியோகஸ்தருக்குத்தான் ஆசையிராது?

ஆனால் அம்மையாரின் வாழ்க்கையில் பெரிய தோல்வியும் ஒன்று உண்டு. அதையும் சொல்லத்தான் வேண்டும். கலாசாலைப் பெண்களின் விளையாட்டைப் பெண்களே நிர்வகிப்பதற்கென்று ஒரு சங்கம் 1971-ல் ஏற்பட்டிருந்தது. 1980-81-ல் கிராண்ட் அம்மையார் அதன் தலைவர். ஆண்கள் விளையாட்டை நடத்திவந்த பெரிய சங்கமோ அந்தச் சட்டத்தையே பல வருஷம் எதிர்த்துப் பார்த்தது. எதிர்த்துப் பயனில்லை என்று கண்டதும், 1981-ல் பெண்களுக்கும் தானே பந்தயம் நடத்துவதாகத் தீர்மானித்தது. தனிச் சந்தா வேண்டாம், பிரயாணச் செலவு தருகிறோம் என்றது. கலாசாலைகள் கூட்டம் கூட்டமாய் அந்தப் பக்கம் சாய்ந்தன. 1982-ல் பெண்களின் சங்கம் கதவை மூடியது. கோர்ட்டில் தொடுத்த வழக்கும் தோற்றது.

அதன்பின் பெண்களுடைய விளையாட்டுக்குப் பணம் வந்தது. அதை மறுப்பதற்கில்லை. ஆயினும் 1972-ல் பெண்கள் கோஷ்டிகளுக்குப் பயிற்சி தந்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் பெண்கள். பின்னால் சம்பளம் உயர உயர, அந்த வேலைகளில் ஆண்கள் வந்து அமர்ந்தார்கள். பெண்களின் தொகை பாதிக்கும் கீழே போயிற்று. இந்த விபரீதத்தைக் குறித்து அம்மையார் கடைசிவரை பேசிக்கொண்டிருந்தார். பெரிய சங்கத்தில் சேர்ந்தது லாபமே என்று சொல்கிறவர்களும் உண்டு. லாபம் யாருக்கு என்று கேட்க வேண்டியிருக்கிறது என்பதே நமது அபிப்பிராயம்.

மற்ற சர்வகலாசாலைகள் பலவற்றில் இரண்டு இலாகாக்களும் ஒன்றாகி, மேல் நாற்காலி ஆணுக்கும் உதவி நாற்காலி பெண்ணுக்கும் போனபோது, அயோவாவில் அம்மையார் இருபத்தேழு வருஷம் தனி இலாகாவைக் கட்டிக் காத்தார். 2000-ல் அவர் ஓய்வு பெற்றார். அதே வருஷம் அங்கும் இலாகாக்கள் இணைந்தன. தலைமைப் பதவி, ஆண்கள் இலாகாவை நடத்தியவருக்குச் சென்றது.

கிராண்ட் அம்மையார் 2021 டிசம்பர் 31-ந் தேதி காலமானார். 2023 அக்டோபரில் அயோவாவின் பெண்கள் கூடைப்பந்துக் கோஷ்டி கால்பந்து மைதானத்தின் நடுவே ஆட, 55,646 பேர் வந்து பார்த்தார்கள். அப்பொழுது இணைந்த இலாகாவின் தலைமை நாற்காலியில் தற்காலிகமாக அமர்ந்திருந்தவர் பெத் கெட்ஸ் என்ற பெண்மணி. 2024 ஜனவரியில் அவருக்கே அந்த உத்தியோகம் நிரந்தரமாயிற்று.